'நீங்களே பேப்பர் போட்டுடுங்க...' மேனேஜரின் அழுத்தம் எல்லை மீறினால் என்ன செய்யலாம்? சட்டம் சொல்வது என்ன?

காலை 7 மணிக்கே அஸ்தினாபுரம் பரபரப்பாகிவிடும். ராஜேந்திர பிரசாத் சாலை வழியாக குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு ஓடுபவர்கள் ஒரு பக்கம். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் வளாகத்துக்கு ஷிப்ட் பிடிக்கச் செல்பவர்கள் இன்னொரு பக்கம். ரேடியல் ரோடு வழியாக ஓ.எம்.ஆர். போகும் ஐடி ஊழியர்கள், ஜி.எஸ்.டி. சாலை ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கப்போகும் விற்பனைப் பெண்கள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புகிற ஊர் இது.

இவர்கள் வேலை பார்க்கும் இடங்கள் வேறு. சம்பளம் வேறு. ஆனால் பலருக்கும் பொதுவான பயம் ஒன்று உண்டு. அது மேலே உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவர். மேனேஜர், டீம் லீட், ஃப்ளோர் சூப்பர்வைசர் என்று பெயர் மட்டும் மாறும்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். மாலை 6 மணி. வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் மீட்டிங் ரூமுக்கு அழைப்பு வருகிறது. உள்ளே மேனேஜரும் ஹெச்.ஆரும் இருக்கிறார்கள். "உங்க பெர்ஃபார்மன்ஸ் சரியில்ல. இன்னைக்கே நீங்களா பேப்பர் போட்டுட்டா நல்ல ரிலீவிங் லெட்டர் கிடைக்கும். இல்லைன்னா டெர்மினேட் பண்ண வேண்டியிருக்கும். அப்புறம் வேற எங்கயும் வேலை கிடைக்காது" என்கிறார்கள். போனை வெளியே வைக்கச் சொல்கிறார்கள். யோசிக்க நேரம் கேட்டால், "இப்பவே முடிவு சொல்லுங்க" என்ற பதில்தான் வருகிறது.

இது சட்டப்படி சரியா? கையெழுத்துப் போட்டால் எதை இழக்க நேரும்? போடாவிட்டால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

கண்டிப்பா, துன்புறுத்தலா? கோடு எங்கே?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வேலை சரியில்லை என்று மேலதிகாரி கண்டிப்பது குற்றம் அல்ல.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. செகந்திராபாத்தில் உள்ள மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் பொறுப்பு இயக்குநர், தன்னை உரத்த குரலில் திட்டினார் என்று உதவிப் பேராசிரியர் ஒருவர் புகார் கொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலையையும் ஒழுங்கையும் பற்றி மேலதிகாரி கண்டிப்பதை, குற்றவியல் சட்டம் சொல்லும் 'வேண்டுமென்றே அவமதித்தல்' என்று எடுத்துக்கொள்ள முடியாது எனக் கூறி, அந்த வழக்கை நீதிமன்றம் ரத்து செய்தது.

அப்படியானால் மேனேஜர் என்ன பேசினாலும் வாங்கிக்கொள்ள வேண்டுமா? இல்லை. கோடு எங்கே என்பதற்கு ஜப்பான் சட்டம் ஒரு எளிய அளவுகோல் வைத்திருக்கிறது. அங்கே இதற்குப் பெயர் 'பவர் ஹராஸ்மென்ட்', அதாவது அதிகாரத் துன்புறுத்தல். மூன்று விஷயங்கள் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

• பதவியின் பலத்தை வைத்து அது செய்யப்படுகிறதா?
• வேலைக்குத் தேவையான அளவைத் தாண்டிப் போகிறதா?
• அதனால் ஊழியரின் பணிச்சூழல் பாதிக்கப்படுகிறதா?

இந்த அளவுகோலை நம்ம ஊர் ஆபீஸுக்குப் பொருத்திப் பாருங்கள். "இந்த ரிப்போர்ட்ல தப்பு இருக்கு, திருத்திக் கொடுங்க" என்பது கண்டிப்பு. "உனக்கெல்லாம் யார்யா டிகிரி கொடுத்தது?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்பது, வேலைக்குத் தேவையான அளவைத் தாண்டியது. அந்தப் பேச்சால் ரிப்போர்ட்டில் உள்ள தப்பு சரியாகப் போவதில்லை.

சத்தமே இல்லாமலும் நடக்கும்

அதிகாரத் துஷ்பிரயோகம் என்றதும் கத்துவது, திட்டுவது மட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதில் பெரும்பகுதி சத்தமில்லாமல், கண்ணியமான மொழியில், விதிமுறைக்கு உட்பட்டது போலவே நடக்கும்.

அப்ரைசல்: ஆண்டு முழுக்க ஒரு குறையும் சொல்லாமல் இருந்துவிட்டு, மதிப்பீட்டு நேரத்தில் கடைசி ரேட்டிங் கொடுப்பது. பல நிறுவனங்களில் 'பெல் கர்வ்' முறை இருக்கிறது. டீமில் எல்லோரும் நன்றாக வேலை பார்த்தாலும், குறிப்பிட்ட சதவீதம் பேரைக் கடைசி இடத்தில் வைத்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் யாரை வைப்பது என்பதை மேனேஜர் முடிவு செய்வார். அவரது பெரிய ஆயுதம் இதுதான்.

பிப்: வேலையை மேம்படுத்திக்கொள்ளக் கொடுக்கப்படும் அவகாசத் திட்டத்துக்கு ஐடி வட்டாரத்தில் இதுதான் பெயர். உண்மையில் உதவுவதற்காகவும் இதைக் கொடுப்பார்கள். எட்ட முடியாத இலக்கைக் கொடுத்து வெளியே அனுப்புவதற்கான பேப்பர் வேலையாகவும் இது மாறிவிடும்.

இலக்கை நகர்த்துவது: திங்கட்கிழமை ஒன்று சொல்வது, வெள்ளிக்கிழமை "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பது. எதையும் மெயிலில் சொல்லாமல் வாய்மொழியாகவே சொல்வது இதற்கு வசதி.

ஒதுக்கி வைப்பது: மீட்டிங்குக்கு அழைக்காமல் விடுவது, வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து நீக்குவது, வேலையே கொடுக்காமல் 'பெஞ்சில்' உட்கார வைப்பது. வேலை கொடுக்காமல் இருப்பதும் ஒரு தண்டனைதான். ஜப்பான் வகுத்திருக்கும் 6 வகைத் துன்புறுத்தல்களில் ஒதுக்கி வைப்பதும் உண்டு, தகுதிக்குக் கீழான வேலை கொடுப்பதும் உண்டு.

லீவு, ஷிப்ட்: கேட்ட லீவை மறுப்பது, எதிர்த்துப் பேசியவருக்கு மட்டும் தொடர்ந்து நைட் ஷிப்ட் போடுவது, இரவு 11 மணிக்கு மெசேஜ் போட்டு உடனே பதில் எதிர்பார்ப்பது.

இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் 'நிர்வாக முடிவு' என்று சொல்லிவிடலாம். தொடர்ச்சியாக, ஒரே ஆளுக்கு நடக்கும்போதுதான் அது துன்புறுத்தல் ஆகிறது. அந்தத் தொடர்ச்சியை நிரூபிக்க வேண்டிய சுமை பாதிக்கப்பட்டவர் தலையில்தான் விழுகிறது. சிக்கலே இங்குதான் ஆரம்பிக்கிறது.

இது எவ்வளவு பரவலானது? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும், லாயிட்ஸ் ரெஜிஸ்டர் அறக்கட்டளையும், கேலப் நிறுவனமும் சேர்ந்து எடுத்த ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. வேலை பார்ப்பவர்களில் 22.8 சதவீதம் பேர், அதாவது சுமார் 74 கோடிப் பேர், பணியிடத்தில் ஏதாவது ஒரு வகை வன்முறையையோ துன்புறுத்தலையோ சந்தித்ததாக அது சொன்னது. ஐந்தில் ஒருவருக்கும் மேல்.

புனேவில் இருந்து வந்த ஒரு கடிதம்

இந்தியாவில் இந்த விவாதத்தைப் பெரிதாக்கியது 2024 செப்டம்பரில் வெளியே வந்த ஒரு தாயின் கடிதம்.

கேரளாவைச் சேர்ந்த 26 வயது பட்டயக் கணக்காளர் அவரது மகள். இ.ஒய். நிறுவனக் குழுமத்தின் புனே அலுவலகத்தில் 2024 மார்ச்சில் சேர்ந்தார். அதுதான் அவருக்கு முதல் வேலை. நான்கே மாதத்தில், ஜூலை 20-ம் தேதி உயிரிழந்தார். அளவுக்கு மீறிய வேலைப்பளுவும், ஓய்வில்லாமல் வேலை வாங்கிய பணிச்சூழலும்தான் மகளின் உடல்நிலையைச் சிதைத்தன என்று இ.ஒய். இந்தியத் தலைவருக்கு அந்தத் தாய் கடிதம் எழுதினார். வேலை அழுத்தத்தால் மரணம் நடந்ததாகக் கருதவில்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் விசாரணை நடத்தப்படும் என்று அறிவித்தது.

அதன் பிறகு நடந்த ஆய்வில் இன்னொரு விஷயம் வெளிவந்தது. அந்தப் புனே அலுவலகம், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவே இல்லாமல் 2007-ல் இருந்து இயங்கியிருக்கிறது என்று மகாராஷ்டிரா தொழிலாளர் துறை அதிகாரிகள் தெரிவித்தனர். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 9 மணி நேர வேலை என்று வரையறுக்கும் சட்டம் அது. பெரிய பெயர் கொண்ட நிறுவனம் என்பதாலேயே எல்லாம் விதிப்படி நடக்கும் என்று நினைத்துவிட முடியாது என்பதை அந்த ஆய்வு காட்டியது.

மேனேஜர் மட்டும்தான் வில்லனா?

எப்போதும் அப்படி இல்லை. மேனேஜரும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்தான். "இந்த குவார்ட்டரில் உன் டீமில் 3 பேரைக் குறை" என்று மேலிருந்து உத்தரவு வந்தால், அவரும் அழுத்தத்தில்தான் இருப்பார்.

இதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் பிரான்ஸ் டெலிகாம். இப்போது ஆரஞ்ச் என்று அழைக்கப்படும் அந்த நிறுவனம், 2000-களின் பிற்பகுதியில் 22,000 பேரைக் குறைக்கத் திட்டமிட்டது. பலருக்கு அரசு ஊழியர் அந்தஸ்து இருந்ததால் நேரடியாக நீக்க முடியவில்லை. அதனால் அவர்களே வெளியேறும் அளவுக்கு, அடிக்கடி இடமாற்றம், தகுதிக்குக் கீழான வேலை என்று நெருக்கடி கொடுக்கப்பட்டது. வழக்கில் 39 ஊழியர்களின் நிலையை நீதிமன்றம் ஆராய்ந்தது. அவர்களில் 19 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள்.

2019 டிசம்பரில் அந்த நிறுவனத்தையும், அதன் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி டிடியே லொம்பார்டையும் பாரிஸ் நீதிமன்றம் குற்றவாளிகள் என அறிவித்தது. ஊழியரை நேரில் பார்த்துக்கூட இராத உயர் அதிகாரியும், துன்புறுத்தலுக்கு வழிவகுக்கும் நிர்வாகக் கொள்கையை வகுத்தால் பொறுப்பாவார் என்பதை 2025 ஜனவரியில் பிரான்ஸின் உயர்ந்தபட்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

பேப்பர் போட்டால் என்ன போகும்?

இப்போது அந்த மீட்டிங் ரூமுக்குத் திரும்புவோம். நிறுவனம் ஏன் "நீங்களே ரிசைன் பண்ணுங்க" என்று அவ்வளவு வற்புறுத்துகிறது? நேரடியாக நீக்கிவிடலாமே?

காரணம் எளிது. ஆட்குறைப்பு என்றால் நிறுவனத்துக்குக் கடமைகள் உண்டு. ராஜினாமா என்றால் அந்தக் கடமைகள் இல்லை.

ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். பணியாற்றிய ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

'நானே விருப்பப்பட்டு விலகுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இவை எதுவும் பொருந்தாது. நாளை வழக்குப் போட்டாலும், "அவரே ரிசைன் பண்ணிட்டார்" என்ற ஒற்றை வரி எதிரே நிற்கும். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா என்று நிரூபித்தால் நீதிமன்றம் அதை ஏற்காது. ஆனால் நிரூபிக்க ஆதாரம் வேண்டும். போனை வெளியே வைக்கச் சொன்ன அறையில் ஆதாரம் எங்கிருந்து வரும்?

'ஐடி ஊழியருக்கு சட்டம் பொருந்தாது' என்பது உண்மையா?

இது பரவலாக நம்பப்படும் தவறான தகவல். சென்னையிலேயே இதற்குப் பதில் கிடைத்திருக்கிறது.

2014 இறுதியில் டி.சி.எஸ். நிறுவனத்தில் ஆட்குறைப்பு பற்றிய பேச்சு பெரிதாக எழுந்தது. அப்போது சென்னையில் பணிநீக்க உத்தரவு பெற்ற கர்ப்பிணி ஊழியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2015 ஜனவரியில் அந்தப் பணிநீக்கத்துக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு நிறுவனமே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது.

2016-ல் இன்னொரு தீர்ப்பு. செயல்திறன் போதவில்லை என்று 2013-ல் நீக்கப்பட்ட மென்பொருள் ஊழியர் ஒருவர், 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருவார் என்று சென்னை தொழிலாளர் நீதிமன்றம் கூறி, அவரை மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டது. அதே ஆண்டில், ஐடி நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கச் சட்டமும் தொழில் தகராறுகள் சட்டமும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசும் தெளிவுபடுத்தியது.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான். விசிட்டிங் கார்டில் 'சீனியர்', 'லீட்', 'மேனேஜர்' என்று என்ன போட்டிருந்தாலும், செய்யும் வேலை என்ன என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். கோடிங், டெஸ்டிங் போன்ற தொழில்நுட்ப வேலை செய்பவரை, பதவிப் பெயரைக் காட்டி மட்டும் 'தொழிலாளி அல்ல' என்று ஒதுக்கிவிட முடியாது. உண்மையிலேயே நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். கண்காணிப்புப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் வரமாட்டார்கள். அவர்கள் ஒப்பந்தத்தை வைத்து சிவில் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே மெயில் போட்டாச்சு, இனி என்ன?

பதற்றத்தில் ராஜினாமா மெயில் அனுப்பிவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. நிறுவனம் அதை முறைப்படி ஏற்பதற்கு முன்பாகத் திரும்பப் பெறலாம் என்பதை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன.

கொங்கன் ரயில்வேயில் 23 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் 2013 டிசம்பரில் ராஜினாமா கொடுத்தார். 2014 மே மாதம் அதைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுத்தார். நிர்வாகம் ஏற்கவில்லை. 10 ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ராஜினாமா இறுதியாக ஏற்கப்படும் முன்பே அவர் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார் என்று சொல்லி, மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டது.

ஆகவே, மிரட்டி வாங்கிய ராஜினாமா என்றால் அன்றிரவே மெயில் அனுப்புங்கள். எத்தனை மணிக்கு, எந்த அறையில், யார் யார் முன்னிலையில், என்ன சொல்லி எழுத வைத்தார்கள் என்பதைக் குறிப்பிட்டு, "இதைத் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதுங்கள். எவ்வளவு சீக்கிரம் அனுப்புகிறீர்களோ, அவ்வளவு பலம்.

பெண் ஊழியர் என்றால் கூடுதல் பாதுகாப்பு என்ன?

பாலியல் தன்மை கொண்ட பேச்சு, தொடுதல், "நான் சொல்றபடி நடந்துக்கிட்டா புரமோஷன்" போன்ற மறைமுகப் பேரம், மறுத்தால் ரேட்டிங்கைக் குறைப்பது ஆகியவை 2013-ம் ஆண்டின் 'போஷ்' சட்டத்தின் கீழ் வரும்.

இதில் சென்னையைச் சேர்ந்த முக்கியமான வழக்கு ஒன்று உண்டு. எச்.சி.எல். டெக்னாலஜிஸ் நிறுவனத்தில் மேலாளர் ஒருவர் மீது 3 பெண் ஊழியர்கள் புகார் கொடுத்தனர். பின்னால் மிக நெருக்கமாக நின்றுகொள்வது, தோளைத் தொடுவது போன்றவை குற்றச்சாட்டுகள். வேலையைக் கண்காணிப்பதற்காகவே நின்றேன் என்பது அவரது வாதம். நிறுவனத்தின் உள் விசாரணைக் குழு அவருக்கு எதிராக அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையை 2019-ல் சென்னை தொழிலாளர் நீதிமன்றம் ரத்து செய்தது.

2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என்.மஞ்சுளா, தொழிலாளர் நீதிமன்றத்தின் உத்தரவை ரத்து செய்தார். செய்தவர் என்ன நோக்கத்தில் செய்தார் என்பது முக்கியமல்ல, அந்தச் செயல் அந்தப் பெண்ணுக்கு விரும்பத்தகாததாக இருந்ததா என்பதே முக்கியம் என்பதுதான் தீர்ப்பின் சாரம். "நான் சும்மா, கேஷுவலாத்தான்..." என்ற பதில் இனி செல்லாது.

தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்:

• 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் விசாரணைக் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். வெளியில் இருந்து ஓர் உறுப்பினரும் இருக்க வேண்டும்.
• சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் அவகாசம் தரலாம்.
• 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும்.
• விசாரணை நடக்கும்போது, புகாருக்கு ஆளானவர் புகார் கொடுத்த பெண்ணின் அப்ரைசலை எழுதக் கூடாது என்று குழு பரிந்துரைக்கலாம். பலருக்குத் தெரியாத விதி இது. புகார் கொடுத்தால் ரேட்டிங் போய்விடுமே என்ற பயத்துக்குச் சட்டத்திலேயே இருக்கும் பதில் இதுதான். இதை எழுதிக் கேட்க வேண்டும்.
• 10 பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் போகலாம்.

நீங்கள் குடியிருக்கும் இடத்தை விட, வேலை பார்க்கும் இடம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். அஸ்தினாபுரம், குரோம்பேட்டை, தாம்பரம், சிறுசேரி எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். பெருங்குடி, சோழிங்கநல்லூர் சென்னை மாவட்டம்.

கடைகளில் நிற்பவர்களுக்கு?

அதிகாரத் துஷ்பிரயோகம் ஏ.சி. ஆபீஸில் மட்டும் நடப்பதில்லை. ஜவுளிக்கடையில் வாடிக்கையாளரே இல்லாத நேரத்திலும், "உக்காரக் கூடாது, நில்லு" என்று ஃப்ளோர் சூப்பர்வைசர் சொல்வது பல ஆண்டுகளாகப் பழகிப்போன விஷயம்.

2018-ல் கேரளா இதற்குச் சட்டம் கொண்டு வந்தது. 2021-ல் தமிழ்நாடும் தனது கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதே அந்தப் பிரிவு. ஜி.எஸ்.டி. சாலைக் கடைகளுக்கும் இது பொருந்தும். ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைப்பது சட்டத்தை மதிப்பதாகாது.

இந்தியாவில் இல்லாத சட்டம்

பாலியல் துன்புறுத்தலுக்குச் சட்டம் உண்டு. பட்டியலின, பழங்குடி ஊழியரைச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. உடல் ரீதியான மிரட்டலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா உண்டு.

ஆனால் இவை எதிலும் சேராத, தினமும் ஊசியால் குத்துவது போன்ற மனரீதியான துன்புறுத்தலுக்கு இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. தென்கொரியா 2019 ஜூலையில் இதற்குச் சட்டம் கொண்டு வந்துவிட்டது. ஜப்பானில் 2020 ஜூனில் பெரிய நிறுவனங்களுக்கும், 2022 ஏப்ரலில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் அமலானது. பணியிட வன்முறை, துன்புறுத்தலுக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-வது உடன்படிக்கை 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

இந்த இடைவெளி இருப்பதால்தான், இங்கே ஊழியரின் கையில் உள்ள எழுத்துப்பூர்வ ஆதாரம் அவ்வளவு முக்கியமாகிறது.

என்ன செய்யலாம்? படிப்படியாக...

1. வாய்மொழி உத்தரவை மெயிலாக்குங்கள். "இன்று மதியம் நீங்கள் சொன்னபடி, இந்த மூன்று வேலைகளையும் வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கிறேன்" என்று பணிவாக ஒரு மெயில் போதும். பதில் வராவிட்டாலும் பதிவு இருக்கும்.

2. டைரி எழுதுங்கள். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர்கள். அன்றன்றைக்கு எழுதியதற்கு மதிப்பு அதிகம்.

3. உங்கள் ஆவணங்கள் உங்களிடம் இருக்கட்டும். நியமனக் கடிதம், சம்பள ரசீது, பழைய அப்ரைசல் கடிதங்கள், பாராட்டு மெயில்கள். வேலை போன அன்றே சிஸ்டம் லாக் ஆகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். அதே நேரம், கிளையன்ட் டேட்டா, சோர்ஸ் கோடு போன்றவற்றைத் தனிப்பட்ட மெயிலுக்கு அனுப்பவே கூடாது. அதுவே உங்களை நீக்கச் சரியான காரணமாகிவிடும்.

4. அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் பேசணும், நீங்க சொல்றதை மெயிலில் அனுப்புங்க" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அன்றே ராஜினாமா செய்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

5. குறைதீர்க் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். 20 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில், நிர்வாகமும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். புகாரை 30 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டத் தொகுப்பு.

6. தொழிலாளர் துறையை அணுகுங்கள். சமரச அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். வேலை போய் 2 ஆண்டுகள் தாண்டிவிட்டால் அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

7. தனியாகப் போக வேண்டாம். சென்னையில் ஐடி ஊழியர்களுக்கென்றே தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. எண்: 15100.

8. கடைசி செட்டில்மென்ட்டைக் கேட்டு வாங்குங்கள். நீக்கினாலும், ராஜினாமா செய்தாலும், பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தாலே முகம் மாறுவது, தூக்கம் கெடுவது, போன் சத்தம் கேட்டால் பதறுவது, "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்வது. இவை தெரிந்தால், "எல்லா ஆபீஸ்லயும் இப்படித்தான், அனுசரிச்சுப் போ" என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டு இ.எம்.ஐ., பிள்ளைகள் பள்ளிக் கட்டணம் எல்லாம் அவர்களுக்கும் தெரியும். அதை நினைத்துத்தான் வாய் திறக்காமல் இருக்கிறார்கள்.

மன உளைச்சல் தாங்க முடியாத அளவுக்குப் போனால் உடனே பேசுங்கள். தேசிய மனநல உதவி எண் 14416. தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104. இரண்டிலும் தமிழிலேயே பேசலாம்.

நாளை மாலை 6 மணிக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தால், மூன்று விஷயங்கள் மட்டும் நினைவில் இருக்கட்டும். அந்த அறையில் எதிலும் கையெழுத்து வேண்டாம். சொல்வதை மெயிலில் கேளுங்கள். நடந்ததை அன்றிரவே எழுதி வையுங்கள். மற்றதை மறுநாள் காலையில், தெளிந்த மனதோடு முடிவு செய்துகொள்ளலாம்.